மூடிய பக்கம் கூப்பிடும்போது

2015 நவம்பரில் ஆன்லைன் கடையான ஃபிளிப்கார்ட்டின் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்ற மொபைல் தளம் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த நிறுவனம் தன் மொபைல் இணையதளத்தை மூடிவிட்டு, வேண்டுமென்றால் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது. திரும்பி வந்த தளத்தில் ஒரு புது வசதி இருந்தது. பக்கத்தை மூடி, பிரவுசரை விட்டு வெளியே வந்து, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகும் அந்தத் தளத்தால் நம்மைக் கூப்பிட முடிந்தது. திரை ஒளிரும், தள்ளுபடி பற்றி ஒரு வரி தோன்றும். ஆப் எதுவும் கிடையாது, வெறும் வலைப்பக்கம்தான். குரோம் பிரவுசருக்கு இந்தத் திறமை வந்து அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி, சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரிப் பகுதியில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் படிப்படியாக உயர்ந்து விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. குன்றத்தூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரை நெடுக வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள், யாருக்கு எப்போது சொன்னார்கள் என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. ஏரியிலிருந்து கிளம்பும் நீர் நகருக்குள் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிகளுக்குள் ஒரு வரி வந்து சேர்ந்திருந்தால் மாடிக்கு ஏறியிருப்போம், வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்போம் என்று சொல்லாத குடும்பம் அந்தக் கரையில் குறைவு.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான், மூடிய பக்கமும் நம்மைக் கூப்பிடும் புஷ் நோட்டிஃபிகேஷன் என்ற அந்த வசதியைப் பற்றி யோசிக்க எனக்குப் பிடிக்கும். புடவைத் தள்ளுபடியைச் சொல்லத் தெரிந்த நுட்பத்துக்கு ஏரியின் மட்டத்தையும் சொல்லத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், ஒரு சின்ன ஊர்கூடத் தனக்கென்று ஒன்றை அமைத்துக்கொள்ள முடியும்.

பாரிவாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் பைபாஸ் சந்திப்பை ஒட்டி இருக்கிற ஊர். தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. வடக்கே, பருத்திப்பட்டுப் பக்கம் போனால் கூவம். மதகு திறந்ததாக டிவியில் ஓடியதும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பாரிவாக்கத்துக்குப் போன் போட்டு, "அங்க தண்ணி வந்துடுச்சா?" என்று பதறுவார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் போய்ச் சேருவது அடையாற்றில். பாரிவாக்கத்துக்காரர் கவனிக்க வேண்டியது கூவத்தையும் ஊர் ஏரியையும்தான். ஆனால் அதே தெருவிலிருந்து தினமும் குன்றத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்குச் செம்பரம்பாக்கத்துச் செய்தி அவசியம் வேண்டும். யாருக்கு எது தேவை என்று பிரித்துச் சொல்ல முடியாத எச்சரிக்கை ஊரையே பதறவைக்கும், இல்லையென்றால் ஊரே அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடும்.

சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2020 நவம்பர் 25-ஆம் தேதி நிவர் புயல் நெருங்கியபோது, மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதல்கட்டமாக விநாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள். அதனால் 22 என்ற எண் இந்தப் பக்கத்து மக்களுக்கு மனப்பாடம். விவரத்துக்குக் குறைவில்லை, ஆனால் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். மழை வெளுத்து வாங்கும் இரவில் யார் போய் இணையதளத்தைத் திறப்பார்கள்?

பக்கத்தையே நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரிடம் கேட்கவைத்தால் என்ன என்று தோன்றும். ஒரு போன் ஒரு நாளைக்கு 1,440 முறை கேட்கும். ஊரில் ஆயிரம் போன் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் கேள்விகள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மாற்றமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் போனின் ரேடியோ விழித்தெழ வேண்டும், பேட்டரி கரைய வேண்டும். அதோடு, பக்கத்தை மூடிய நிமிடமே கேள்வியும் நின்றுவிடும்.

சரி, சர்வரே போனைக் கூப்பிடட்டும் என்றால் அங்கேதான் சிக்கல். உங்கள் போனுக்கு இணையத்தில் நிலையான விலாசம் கிடையாது. பழைய இணைய முகவரி முறையில் மொத்தமே 430 கோடி முகவரிகள்தான். உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது போதாது. அதனால் மொபைல் கம்பெனிகள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. புது முறை முகவரி கிடைத்த போன்களுக்கும் முன்னால் பெரும்பாலும் ஒரு காவல் உண்டு. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து அழைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. வைரஸும் ஊடுருவலும் பெருகிவிட்ட காலத்தில் அந்தக் காவல் நியாயமானதுதான்.

அப்படியானால் நோட்டிஃபிகேஷன் எப்படித்தான் உள்ளே வருகிறது? போன்தான் முதலில் கூப்பிடுகிறது! ஆண்ட்ராய்டு போன் ஆன் ஆனதும் கூகுளின் ஒரு சர்வருக்குத் தானாக ஒரு இணைப்பைப் போடுகிறது. ஐபோன் ஆப்பிளுக்குப் போடுகிறது. போட்ட இணைப்பை முடிப்பதே இல்லை, ஒன்றும் பேசாமல் திறந்தபடியே வைத்திருக்கிறது. வழியில் இருக்கும் கருவிகள் இந்த இணைப்பை மறந்துவிடாமல் இருக்க, சில நிமிடங்களுக்கோ அரை மணிக்கோ ஒரு முறை 'இருக்கிறேன்' என்று சில பைட்டுகளை அனுப்புகிறது. வங்கி, வாட்ஸ்அப், மளிகைக் கடை, ஊர்ச் சங்கம் என்று எத்தனை பேர் உங்களுக்குச் செய்தி அனுப்பினாலும் எல்லாம் இந்த ஒரே இணைப்பின் வழியாகத்தான் வரும். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக ஒரு இணைப்பை வைத்துக்கொண்டால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 2009 ஜூனில் ஆப்பிள் தன் புஷ் சேவையைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்தது இதைத்தான். அடுத்த ஆண்டு கூகுளும் அதே வழியில் வந்தது.

இதில் இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாகப் படுவது அதுதான். இணைப்பு திறந்திருக்கிறது என்றேன். ஆனால் போனின் ரேடியோ அந்த நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறது. 4ஜி விதிப்படி, சும்மா இருக்கும் போன் 0.32, 0.64, 1.28, 2.56 விநாடி என்ற நான்கு இடைவெளிகளில் ஒன்றில் ஒரு கணம் விழித்து டவரைக் கேட்கும். தன் பெயர் வரவில்லை என்றால் திரும்பத் தூங்கிவிடும். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மேசைமேல் இருக்கும் உங்கள் போன் பலமுறை விழித்துத் தூங்கியிருக்கும். அந்த நிலையில் போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்றுகூட நெட்வொர்க்குக்குத் துல்லியமாகத் தெரியாது. இந்தப் பகுதியில் எங்கோ இருக்கிறது என்ற அளவுக்குத்தான் தெரியும். செய்தி வந்ததும் அந்தப் பகுதியின் டவர்கள் எல்லாம் போனின் தற்காலிக எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகின்றன, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனவரை மைக்கில் பெயர் சொல்லி அழைப்பதைப் போல. அடுத்த விழிப்பில் போன் அதைக் கேட்டு, "இதோ இருக்கிறேன்" என்று அருகிலுள்ள டவருக்குப் பதில் தருகிறது. அதன் பிறகுதான் செய்தி இறங்குகிறது.

போன் விழித்துவிட்டது, சரி. பக்கம் மூடிக் கிடக்கிறதே, செய்தியை யார் வாங்குவது?

அதற்காகத்தான் சர்வீஸ் வொர்க்கர் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். பாரிவாக்கத்து ஊர்ச் சங்கம் எச்சரிக்கைக்காக ஒரு தளம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தில் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தனிக் கோப்பு இருக்கும். அதற்குத் திரையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. நீங்கள் முதல்முறை தளத்துக்குப் போகும்போது பிரவுசர் அதைப் பதிவுசெய்து தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பக்கத்தை மூடினாலும் பதிவு அழியாது. புஷ் வந்ததும் பிரவுசர் அந்தக் கோப்பை மட்டும் எழுப்புகிறது. அது எழுந்து, வந்ததைப் படித்து, ஒரு தலைப்பும் ஒரு வரியும் கொண்ட அறிவிப்பைத் திரையில் காட்டச் சொல்லிவிட்டு, சில விநாடிகளில் அடங்கிவிடுகிறது. மொத்தமாக இருபது வரிக்குள் எழுதிவிடலாம்.

புதிதாக அமைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இங்கே மூன்று. தளம் எச்டிடிபிஎஸ்ஸில் ஓட வேண்டும், இல்லையென்றால் பிரவுசர் பதிவே செய்யாது. இரண்டாவது, அந்தக் கோப்பைத் தளத்தின் மூல அடைவில் வைக்க வேண்டும். உள்ளே ஏதோ ஒரு ஃபோல்டரில் வைத்தால் அதன் அதிகாரம் பொதுவாக அந்த ஃபோல்டரோடு நின்றுவிடும். மூன்றாவது பலரையும் குழப்புவது: அறிவிப்பு திரைக்கு வந்து சேரும்வரை காத்திரு என்று 'வெயிட் அன்டில்' கட்டளையில் சொல்லாவிட்டால், வேலை பாதியில் இருக்கும்போதே பிரவுசர் சர்வீஸ் வொர்க்கரைத் தூங்கவைத்துவிடும். மேசையில் சோதிக்கும்போது எல்லாம் சரியாக வரும், ஊரில் நாலு போனில் மட்டும் வராது.

வந்த புஷ்ஷுக்கு எந்த அறிவிப்பையும் காட்டாமல் ரகசியமாக எதையாவது செய்யலாமா? குரோம் விடாது. பதிவுசெய்யும்போதே, வருகிற ஒவ்வொன்றையும் பயனருக்குக் காட்டுவேன் என்று உறுதி கேட்கிறது. காட்டாமல் விட்டால், இந்தத் தளம் பின்னணியில் ஏதோ செய்தது என்று தானே ஒரு அறிவிப்பைப் போட்டுவிடும். இல்லாவிட்டால் ஒரு தளம் மணிக்கு ஒரு முறை போனை ஓசையின்றி எழுப்பி, அது எங்கே இருக்கிறது என்று நோட்டமிட்டுக்கொண்டே இருக்கலாம். இந்த விதியை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இப்போது சந்தா. நீங்கள் 'அனுமதி' என்று அழுத்தியதும் பிரவுசர் தன் புஷ் சேவையிடம் பேசி ஒரு நீளமான இணைய முகவரியை வாங்குகிறது. குரோம் கூகுளிடம் வாங்கும், ஃபயர்ஃபாக்ஸ் மொசில்லாவிடம், சஃபாரி ஆப்பிளிடம். கூடவே இரண்டு சாவிகளை பிரவுசரே உருவாக்குகிறது: 65 பைட் நீளத்தில் ஒரு பொதுச் சாவி, 16 பைட்டில் ஒரு ரகசியம். முகவரி, சாவி, ரகசியம் ஆகிய மூன்றும் சங்கத்தின் சர்வருக்குப் போய்ச் சேருகின்றன. உங்கள் பெயர் போகவில்லை, போன் நம்பர் போகவில்லை, ஆதாரும் போகவில்லை. ஊரில் ஆயிரம் பேருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு அமைப்பை ஒருவரின் நம்பரைக்கூட வாங்காமல் நடத்திவிடலாம். எதற்கெடுத்தாலும் நம்பரைக் கொடு, ஓடிபி சொல் என்று கேட்கும் காலத்தில் இது பெரிய விஷயம். ஆனால் அந்த முகவரிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வேறு பூட்டு இல்லாவிட்டால், அவை யாருடைய ஜன்னலைத் தட்டவும் போதுமானவை.

யாரோ ஒருவர் அந்த முகவரியைத் திருடி, சங்கத்தின் பெயரில் வதந்தி அனுப்பினால்? அதைத் தடுக்க சங்கத்தின் சர்வருக்கும் ஒரு சாவி ஜோடி உண்டு. பொதுச் சாவியைச் சந்தா சேரும்போதே பிரவுசரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ரகசியச் சாவியால் கையெழுத்திட்ட ஒரு சீட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சீட்டின் ஆயுள் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கையெழுத்து பொருந்தாத செய்தியை கூகுளோ ஆப்பிளோ வாசலிலேயே திருப்பிவிடும். 'வேப்பிட்' என்று இதற்குப் பெயர். 2017 நவம்பரில் தரப்படுத்தினார்கள்.

நடுவில் கூகுள் உட்கார்ந்திருக்கிறதே, நம் செய்தியைப் படித்துவிடாதா? வெப் புஷ்ஷில், அதாவது பிரவுசர் வழியாக வரும் புஷ்ஷில், முடியாது. 2015-ல் குரோமில் வந்த புஷ் வெறும் தட்டல்தான், உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. சர்வீஸ் வொர்க்கர் எழுந்து, என்ன விஷயம் என்று தளத்திடம் போய்க் கேட்டுக்கொண்டு வரும். மறையாக்கம் தயாரான பிறகுதான் செய்தியையும் உள்ளே வைக்க விட்டார்கள். குரோமில் அது வந்தது 2016 ஏப்ரலில். ஒவ்வொரு செய்திக்கும் சர்வர் ஒரு புதுச் சாவி ஜோடியை உருவாக்கி, அதையும் உங்கள் பிரவுசரின் பொதுச் சாவியையும் சேர்த்து ஒரு பொது ரகசியத்தைக் கணக்கிடுகிறது. உங்கள் பிரவுசர் தன் பக்கத்துச் சாவியை வைத்துக்கொண்டு அதே ரகசியத்தைத் தனியாகக் கணக்கிடுகிறது. இரண்டு பேரும் அந்த எண்ணை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதே இல்லை, ஆனாலும் இருவருக்கும் ஒரே விடை வருகிறது. நடுவில் இருப்பவருக்கு எந்த முகவரிக்கு எப்போது எத்தனை பைட் போனது என்று தெரியும். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

இப்படிப் பூட்டிய செய்திக்கு 4,096 பைட் வரை உத்தரவாதமாக இடம் உண்டு. சாவி, முத்திரை எல்லாம் போக எழுத்துக்கு மிஞ்சுவது 3,993 பைட். தமிழுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூனிகோடில் 'பாரிவாக்கம்' என்று எழுத, மெய், துணைக்கால், மேல்விலங்கு, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 3 பைட். ஆக ஊர்ப்பெயருக்கு மட்டும் 33 பைட். மொத்த இடத்தில் 1,331 தமிழ்க் குறிகள் அடங்கும். போனின் பூட்டுத்திரை முழு நீளத்தையும் காட்டாது என்பதால் முதல் வரியில் விஷயம் இருந்தாக வேண்டும். "அன்பார்ந்த பாரிவாக்கம் குடியிருப்போருக்கு" என்று ஆரம்பித்தால் தண்ணீர் பற்றிய சொல் திரைக்கு வெளியே போய்விடும். "கூவத்தில் நீர் ஏறுகிறது, பருத்திப்பட்டு வழியைத் தவிர்க்கவும்" என்றால் தூக்கக் கலக்கத்திலும் புரியும்.

செய்தியோடு சேர்த்து அனுப்பும் மூன்று குறிப்புகளை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. எனக்கோ, எச்சரிக்கையின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது என்று படுகிறது.

முதலாவது ஆயுள். போன் அணைந்திருந்தால் இந்தச் செய்தியை எத்தனை விநாடி வைத்திருந்து கொடுக்கலாம் என்று புஷ் சேவைக்குச் சொல்லும் எண். பூஜ்யம் என்றால், இப்போது கொடுக்க முடிந்தால் கொடு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு என்று பொருள். பல நூலகங்கள் இதற்கு நாலு வாரத்தைத் தாமாகவே வைத்துவிடுகின்றன. மதகு திறப்புச் செய்திக்கு நாலு வாரம் என்றால், சார்ஜ் போய்க் கிடந்த போன் பத்து நாள் கழித்து, வெயில் அடிக்கும் ஒரு காலையில், வெள்ளம் வருகிறது என்று அலறும். ஆறு மணி நேரம், அதாவது 21,600 விநாடி வைத்தால் போதும்.

இரண்டாவது தலைப்புக் குறி. ஒரே குறியோடு அடுத்த செய்தி வந்தால், இன்னும் கொடுக்கப்படாமல் காத்திருக்கும் பழைய செய்தியை அது அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மட்டம் 21 அடி, 21.5, 22 என்று மூன்று செய்தி போயிருந்தால், போனை ஆன் செய்தவருக்குக் கடைசி எண் மட்டும் கிடைக்கும்.

மூன்றாவது அவசரம். மிகக் குறைவு, குறைவு, சாதாரணம், அதிகம் என்று நான்கு நிலை. அதிகம் என்று குறித்தால் பேட்டரி குறைந்திருக்கும் போனுக்கும், மேசையில் அசையாமல் ஆழ்ந்து தூங்கும் ஆண்ட்ராய்டுக்கும் உடனே கொடுக்கும்படி கேட்கிறோம் என்று பொருள். பொதுக்குழுக் கூட்டத்துக்கும் பொங்கல் விழா நன்கொடைக்கும் இதைப் போட்டால் நிஜமான அவசரத்தில் மதிப்பு இருக்காது. அவற்றை 'குறைவு' என்று அனுப்பலாம், சார்ஜரிலோ வைஃபையிலோ இருக்கும்போது போய்ச் சேரட்டும்.

அனுமதி கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலான தளங்கள் தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கின்றன. பக்கம் திறந்த மறுகணமே, யார் எவர் என்று தெரியும் முன்பே, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று ஒரு பெட்டி. 2019-ல் மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸின் பீட்டா பதிப்பில் ஒரு மாதக் கணக்கை வெளியிட்டது: ஏறக்குறைய 1.8 கோடி முறை இந்தக் கேள்வி கேட்கப்பட்டதில் நூற்றுக்கு மூன்று கூடச் சம்மதமாகவில்லை. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ், பயனர் எதையாவது அழுத்தாமல் இந்தப் பெட்டியைக் காட்டுவதை நிறுத்தியது. அடுத்த மாதம் குரோமும் கேள்வியின் குரலைத் தணித்தது. ஒரு முறை 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டால் தளம் மறுபடி கேட்க முடியாது. பயனர் தானாக அமைப்புகளுக்குள் போய் மாற்றினால்தான் உண்டு.

சங்கத்தின் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். "செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டால் சொல்லவும்." "கூவத்தில் நீர் ஏறினால் சொல்லவும்." யாருக்கு எது வேண்டுமோ அதில் டிக் அடிக்கட்டும். அடித்த பிறகு பிரவுசரின் கேள்வி வந்தால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குன்றத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர் இரண்டிலும் அடிப்பார், வீட்டிலேயே இருக்கும் பெரியவர் கூவத்தில் மட்டும் அடிப்பார். ஜிபிஎஸ் அனுமதி தேவையே இல்லை. மக்கள் தாங்களே சொல்லிவிட்டார்கள்.

'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதியை அழுத்தவும்' என்று கேட்கும் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்தியவர்களின் போனில் அன்று முதல் வைரஸ் எச்சரிக்கை, பரிசுக் கூப்பன் என்று அறிவிப்புகள் குவியும். வீட்டுப் பெரியவர்கள் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதில் அறிவிப்புகள் என்ற இடத்துக்குப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கிவிட்டால் சத்தம் அன்றே நின்றுவிடும். உங்கள் அம்மா அப்பா போனில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

இந்த அமைப்பால் முடியாதவையும் உண்டு. 2015 டிசம்பரில் கரண்ட் போய், டவர்கள் வரிசையாகச் செத்தன. டேட்டா இல்லாத போனில் புஷ் வராது. ஐபோனில் வெப் புஷ் வந்ததே 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான். அதிலும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும். சில ஆண்ட்ராய்டு போன்களின் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு பிரவுசரையே முடக்கிப்போட்டு, செய்தியை மணிக்கணக்கில் தாமதப்படுத்தும்.

உயிர் போகும் அபாயத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள், அதுதான் செல் பிராட்காஸ்ட். டவர் ஒரே செய்தியை எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்பும். அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். டேட்டா வேண்டாம், நம்பர் வேண்டாம், சந்தா வேண்டாம். ஆயிரம் பேர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும் நெட்வொர்க்குக்கு ஒரே சுமைதான். 2023-ல் நாடு முழுவதும் மாநிலவாரியாக இதைச் சோதித்தபோது போன்கள் ஒரே சமயத்தில் அலறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். மத்திய அரசின் சி-டாட் உருவாக்கிய 'சசேத்' என்ற தளத்தின் வழியாகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப் 2024-ல் வந்தது. ஊர்ச் சங்கத்தின் புஷ் இவற்றுக்குப் போட்டியாக வர வேண்டியதில்லை. பெரிய அமைப்புகளின் கண்ணில் படாத சங்கதிகள் எவ்வளவோ இருக்கின்றன. எந்தத் தெரு முனையில் முழங்கால் தண்ணீர், எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, ஊர் ஏரியின் கலங்கலில் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டதா என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

அமைத்தாயிற்று என்றால் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், எல்லோருக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முகவரியிலிருந்தும் ஒரு எண் திரும்பி வரும். 201 என்றால் புஷ் சேவை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். திரையில் வந்ததா, படித்தார்களா என்று அதிலிருந்து தெரியாது. 429 என்றால் வேகமாக அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுக்க வேண்டும். 404 அல்லது 410 வந்தால் அந்தச் சந்தா முடிந்துவிட்டது: போனை மாற்றியிருப்பார், பிரவுசரைத் துடைத்திருப்பார், அனுமதியை எடுத்திருப்பார். அந்த முகவரிகளைப் பட்டியலிலிருந்து அழித்துவிட வேண்டும். அழிந்தவர்களைத் தேடிப் பிடிக்கச் சங்கத்திடம் நம்பர் இல்லை. அதனால் அந்த வாரமே தளத்தின் கியூஆர் கோடைப் பெரிதாக அச்சடித்து ரேஷன் கடைச் சுவரிலும், பால் பூத்திலும், பைபாஸ் சந்திப்பு டீக்கடையிலும் ஒட்டிவிட்டு, ஐபோன்காரர்கள் முதலில் முகப்புத் திரையில் சேர்க்க வேண்டும் என்று அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.